மறுபக்கத்து மச்சான்

நாவாய்ப்பட்டினத்துக்குக் குரல் வந்து சேர்ந்த கதையைக் கடலிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் கருவாட்டையும் வம்பையும் தவிர அந்த ஊரில் இருக்கிற எல்லாமே கடல் தாண்டி வந்ததுதான். முதலில் ரங்கூனிலிருந்து குழாய் வைத்த பாட்டுப்பெட்டி வந்தது. கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்து, ஊசி மாற்றி, கறுப்புத் தட்டைச் சுழலவிட்டால் யாரோ ஒருத்தர் பாடினார். பாடுகிறவர் நோன்பு பிடித்திருக்கிறாரா என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்க, அது எங்களுக்கெப்படித் தெரியும் என்று பெட்டிக்காரர் சொல்ல, எதற்கு வம்பு என்று ரமலான் முடிகிறவரை அந்தப் பெட்டியைப் போர்வையால் மூடி வைத்தார்கள். அப்புறம் சிங்கப்பூரிலிருந்து இரண்டு சக்கரம் வைத்த பெரிய டேப் மெஷின் வந்தது. பாட்டை மட்டும் பிடிக்கும் என்று நம்பி அதைக் கல்யாண வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள், பந்தியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா பிரியாணியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பிடித்துவிட்டது. அன்றைக்கு முறிந்த உறவு பேரன் காலத்தில்தான் ஒட்டியது. அதிலிருந்து மெஷின் இருக்கிற வீட்டில் ஜனங்கள் கையாலும் கண்ணாலும்தான் பேசிக்கொண்டார்கள்.

கடைசியாக வளைகுடா நாட்டிலிருந்து உள்ளங்கை அளவு கேசட்டும் அதைப் போடுகிற டேப்ரெக்கார்டரும் வந்தன, சந்தேகம் ஒழிந்து ஆசை வந்தது. ஆம்பிளைகள் எல்லாம் சபர் போயிருந்தார்கள், பிழைப்புக்காக வெளிநாடு போவதற்கு அந்த ஊரில் அதுதான் பெயர். போனவர் இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை விடுமுறையில் வருவார். அதுவும் தன் வீட்டுக்கு வரமாட்டார், பெண் வீட்டுக்குத்தான் வருவார், ஏனென்றால் அங்கே பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் கிடையாது, மாப்பிள்ளைதான் மாமியார் வீட்டில் வந்து இருக்க வேண்டும். அதனால் புருஷன் என்பவர் பாதி விருந்தாளி. மிச்ச நேரமெல்லாம் அவர் ஒரு கேசட். பெஞ்சாதி ஒரு பக்கத்தில் பேசி, மறுபக்கத்தைக் காலியாக விட்டு, சபர் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவாள். அவர் அங்கே அதைக் கேட்டு, காலிப் பக்கத்தில் பதில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவர். இப்படித்தான் அந்த ஊரில் குடும்பம் நடந்தது, பிள்ளைகள் வளர்ந்தன, நகைக்கு ஆர்டர் போனது, சண்டையும் வந்து தீர்ந்தது.

அப்படியிருக்கும்போதுதான் கீழத்தெரு ருக்கையா லாத்தா, தன் பக்கத்தைப் பேசி முடித்துவிட்டு, மறுபக்கம் காலியாக இருக்கிறதா, கடைக்காரன் பழைய கேசட்டைத் தலையில் கட்டிவிட்டானா என்று பார்ப்பதற்காகத் திருப்பிப் போட்டாள். அவளுடைய புருஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு சலாம் சொன்னார். அவள் அப்போதுதான் கேட்டு முடித்திருந்த எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார், சின்னவனைத் தண்டவாளப் பக்கம் விடாதே என்றார், உன் முதுகு வலிக்கு எண்ணெய் போட்டாயா என்று கேட்டார். கேசட் இன்னும் அவள் மடியைவிட்டே போகவில்லை.

ஊர் என்ன செய்தது என்று கேட்டால், முதலில் கேசட்கடை தாஹாவைத்தான் பிடித்தது. பழைய டேப்பைச் சுற்றிப் புதுசென்று விற்கிறான் என்றார்கள். அவன் கண்ணெதிரே ஒரு புதுக் கேசட்டைப் பிரித்துக் கொடுத்தான், அதிலும் மறுபக்கம் பேசியது. பிறகு ஷைத்தான் வேலை என்றார்கள். பள்ளிவாசல் ஆலிம்சாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார்கள், அவர் காதை டேப்ரெக்கார்டரோடு ஒட்டிவைத்து முழுப் பக்கத்தையும் கேட்டுவிட்டு, ஷைத்தான் இவ்வளவு நேரம் பெண்சாதியின் முதுகு வலியைப் பற்றிப் பேச மாட்டான் என்று சொல்லிவிட்டார். ஜமாத் கூடி முடிவெடுத்தது: மறுபக்கத்தில் சொல்கிற தலாக் தலாக் ஆகாது, மறுபக்கத்தில் கொடுக்கிற வாக்கை வைத்து யாரும் நிலம் எழுதக் கூடாது, மறுபக்கம் சலாம் சொன்னால் பதில் சலாம் சொல்வது நல்லது. அவ்வளவுதான். அடுத்த வாரம் ஜமாத் மய்யித்து அடக்குகிற மையவாடிச் சுவரைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்துவிட்டது.

பெண்களுக்கு மட்டும் அது லேசில் முடியவில்லை. மறுபக்கம் அதிகம் பேசுகிற மச்சான் வாய்த்தவள் நீளமான கேசட்டாக வாங்கினாள். ஒருத்தியின் மறுபக்கம் வெறும் இருமலாக இருந்தது, அவள் அதைக் கேட்டு அழுதாள், அடுத்த விமானத்தில் அவள் புருஷன் நெஞ்சுச் சளியோடு வந்து இறங்கினார். இன்னொருத்தியின் மறுபக்கம் எப்போது போட்டாலும் சத்தமில்லாமல் ஓடியது, தெருவே அவள் முகத்தைப் பார்க்கத் தொடங்கியது, அவள் ஒருநாள் தன் டேப்ரெக்கார்டரைக் கிணற்றில் போட்டுவிட்டு மின்சாரத்தின்மேல் பழி சொன்னாள். யார் மறுபக்கம் என்ன சொன்னது என்று கேட்பது, யார் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று கேட்பதைவிட மோசமான காரியமாக ஆகிப்போனது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஒருத்தரையொருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் நடுவில் யாரும் கவனிக்காமல் ஒன்று நடந்தது. பதில் உடனே கிடைத்துவிட்டதால் கேசட்டுகள் கடல் தாண்டிப் போவது குறைந்துபோனது.

அதைக் கவனித்த ஒரே ஆள் வளைகுடாவில் தம்மாமில் இருந்த மீராசா. மீராசா என்றால் சந்தேகம். மீன் குளிரூட்டும் கிடங்கில் வேலை பார்த்த அவர், பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார், இழுத்துப் பார்த்ததை நம்பாமல் திரும்ப வந்து இன்னொருமுறை இழுப்பார். சக அறைக்காரன் சிரித்தால் தன்னைப் பார்த்தா என்பார், சிரிக்காவிட்டால் என்ன மறைக்கிறான் என்பார். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பெஞ்சாதி செய்னம்புவின் கேசட்டுகள் திடீரென்று மெலிந்துவிட்டன. வந்த ஒன்றிரண்டும் மாமிக்கு மூட்டுவலித் தைலம், பக்கத்து வீட்டுக்குக் குடை என்று சாமான் பட்டியலாக இருந்தன. எப்போ வருவீங்க என்பதில்லை. ஏன் இப்படி விட்டுட்டுப் போனீங்க என்பதில்லை. அவள் அழாததுதான் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது. யாரோ அவளுடைய அழுகையை வாங்கிக்கொள்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. விடுமுறையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

மாமியார் வீட்டில் மரியாதைக்குக் குறைவில்லை. வட்டிலப்பம் வந்தது, மாசிச் சம்பல் வந்தது. செய்னம்பு தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள், குடித்துப் பார்த்தார், சீனி இல்லை. அவர் தம்மாமில் டாக்டர் சொல்லிச் சீனியை விட்டது நிஜம். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சீனி ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, நீங்கதானே விட்டுட்டேன்னு சொன்னீங்க என்றாள். எப்போ சொன்னேன் என்றதற்கு, மறுபக்கத்துல என்றாள், எதிர்வீட்டில் சொன்னார்கள் என்பதுபோல. அன்றைக்குத்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் எங்கே திரும்பினாலும் அவருக்கு முன்னால் அவர் வந்துபோன தடம் இருந்தது. தலையணை அவருக்கு இதமான உயரத்தில் இருந்தது. கொடுவா மீனில் அவர் வாலைத்தான் விரும்புவார் என்பது தெரிந்திருந்தது. மாமிகூட, நீங்க அன்னிக்குச் சொன்னது ரொம்பச் சரி மாப்பிள்ளை என்று எதையோ பாராட்டினார், அவர் என்ன சொன்னோம் என்று கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டினார். தன் குரலில் எவனோ ஒருத்தன் தன் கட்டிலில் குடித்தனம் நடத்தியிருக்கிறான், அவன் தன்னைவிட அதிகமாகப் பேசுகிறவன், தன்னைவிட நல்லவனாகவும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கேசட்டைப் போடு, நானும் கேட்கிறேன் என்றார். செய்னம்பு முந்தானையில் கை துடைத்துக்கொண்டே அமைதியாகச் சொன்னாள்.

"அது எனக்குச் சொன்னது மச்சான்."

"என் குரலுதானே புள்ளே?"

"உங்க குரலுதான். ஆனா உங்களுக்குச் சொன்னதில்ல."

கடற்கரைத் தேத்தண்ணிக் கடையில் விடுமுறைக்கு வந்திருந்த மற்ற சபராளிகளைப் பார்த்தபோது எல்லாருக்கும் அதே வயிற்றெரிச்சல் என்று தெரிந்தது. ஒருத்தர் மட்டும் தன் மறுபக்கம் குர்ஆனை ராகமாகக் கிராத் ஓதுகிறதாம் என்று பெருமைப்பட்டார், அவருக்கு அரபியில் முதல் எழுத்தான அலிஃப்கூடத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். மற்றவர்கள் சேர்ந்து ஜமாத்துக்குப் போய், கேசட்டுகளையெல்லாம் வாங்கிக் கொளுத்த வேண்டும் என்றார்கள். யார்மேல் புகார் என்று ஆலிம்சா கேட்டார். எங்கள் குரல்மேல் என்றார்கள். உங்கள் குரல் உங்கள் பெண்சாதியோடு பேசியதற்கு நான் யாருக்குத் தண்டனை கொடுக்கட்டும் என்று கேட்டுவிட்டு அவர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்யப் போய்விட்டார். ஆளுக்கொரு பக்கம் கலைந்தார்கள். பிறகு ஒருத்தரையொருத்தர் பார்க்கும்போதும் இவன் மறுபக்கம் என்னத்தைச் சொல்லியிருக்கும் என்று யோசித்துக்கொண்டார்கள்.

மீராசாவுக்கும் செய்னம்புவுக்கும் நடுவில் பேசாத ஒன்று இருந்தது. போன விடுமுறை முடிந்து அவர் போன பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர் வைக்கிற ஏழாம் நாள் வருவதற்குள் போய்விட்டது. தந்தி தம்மாமுக்கு வந்தது. அவர் ஒரு கேசட் எடுத்து, அல்லாஹ் கொடுத்தான், அவனே எடுத்துக்கொண்டான், பொறுத்துக்கொள், சபூர் செய் என்று சொன்னார், அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை, மிச்ச டேப் முழுக்க அறையின் ஏசி சத்தம்தான் ஓடியது. அதற்குப் பிறகு அவர் குழந்தையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காததை அவர் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார், இப்போது அதன்மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

செய்னம்புவும் மாமியும் மருதாணி வைக்கிற கல்யாண வீட்டுக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் அவர் அலமாரியைத் திறந்தார். கேசட்டுகள் வரிசையாக இருந்தன. அவற்றின் முதுகிலிருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களையும் அவள் உடைத்து வைத்திருந்தாள், அதை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது, யாரும் அழித்துவிட்டு மேலே பேச முடியாது. இத்தனை பாதுகாப்பு எதற்கு என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணி அடுக்குக்குப் பின்னால் ஒரு கேசட் தனியாக, வெள்ளை மல் துணியில் சுற்றி, அத்தர் மணக்க இருந்தது. இதுதான், இதில்தான் அந்த ஆள் குழைந்திருப்பான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

போட்டுக் கேட்டிருக்கலாம். யாராக இருந்தாலும் முதலில் கேட்டிருப்பார்கள். ஆனால் மீராசாவுக்குப் பயம். அந்தக் குரல் கெட்டதாக இருந்தால் கொன்றுவிடலாம், நல்லதாக இருந்துவிட்டால் என்ன செய்வது? அதைக் கேட்டபிறகு அவளெதிரில் எப்படி உட்கார்ந்து சோறு தின்பது? உடைந்த பல்லின் ஓட்டைமேல் செல்லோடேப்பை ஒட்டினார், மறுபக்கத்தைப் போட்டார், ரெக்கார்டையும் பிளேயையும் இரண்டு விரலால் சேர்த்து அமுக்கினார். பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, டேப் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான், ஆடு கத்தியது, எல்லாம் அந்தக் குரலின்மேல் ஏறி உட்கார்ந்தன. பட்டன் டக்கென்று தானாக எகிறியபோது அவருக்கு ஒரு பகையாளியைத் தீர்த்த நிம்மதி வந்தது.

அந்த நிம்மதியில்தான் கேசட்டைத் திருப்பிப் போட்டார், அவள் என்ன கேட்டுத் தொலைத்தாள் என்று பார்த்துவிடுவோமே என்று.

"மச்சான்," என்று செய்னம்பு கூப்பிட்டாள். "புள்ளைய அடக்கிட்டு வந்துட்டாங்க. கையில தூக்கிட்டே போயிட்டாங்க, சந்தூக்குப் பெட்டி வேணாம்னுட்டாங்க. பேரு என்னன்னு ஆலிம்சா கேட்டாரு. இன்னும் வெக்கலையேன்னு உம்மா சொல்லிச்சு. பேரில்லாமப் படுத்திருக்கு மச்சான். மறுமையில கூப்புடுறப்ப என்னன்னு கூப்புடுவாங்க? நீங்க ஒரு பேரு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். வாப்பா வெச்ச பேரா ஒண்ணு இருக்கட்டும்."

இந்தக் கேசட் தம்மாமுக்கு வரவேயில்லை. வந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிருந்தது, அவள் பேசி முடித்துத் திருப்பிப் போட்டபோதே பெயர் கிடைத்துவிட்டது. அந்தப் பெயரின்மேல்தான் அவர் இப்போது ஐஸ்வண்டி மணியை ஏற்றி வைத்திருந்தார். மீராசா கேசட்டை வெளியே எடுத்தார், மறுபடி போட்டார், திருப்பினார், காதை ஒட்டிவைத்தார், ஆடு கத்தியது. பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். பெட்டியை உலுக்கிக்கூடப் பார்த்தார். கிடங்கில் ஐஸ் பாளம் காலில் விழுந்தபோதுகூட அழாதவர், பெண் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

செய்னம்பு உள்ளங்கையில் மருதாணிக் குழம்போடு வந்து வாசற்படியில் நின்றாள். கட்டில்மேல் கிடந்த மல் துணியைப் பார்த்தாள், செல்லோடேப் சுருளைப் பார்த்தாள். கையில் மருதாணி இருந்ததால் எதையும் தொட முடியவில்லை. சத்தம் போடுவாள் என்று அவர் காத்திருந்தார், போட்டிருந்தால் தேவலை. அவள் சுவரோரமாக உட்கார்ந்தாள், இரண்டு கையையும் முழங்கால்மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டாள்.

"கேக்காமயே அழிச்சுட்டீங்களா?"

அவர் தலையாட்டினார்.

அவள் முகத்தில் முதன்முதலாக, இத்தனை வருடத்தில் அவர் பார்க்காத ஒரு வெறுப்பு வந்தது, வந்து சற்று நேரம் நின்றது. பிறகு களைப்பு வந்தது. கெஞ்சுகிற குரலில் அவர் கேட்டார், என்ன பேரு செய்னம்பு, நான் என்ன பேரு வெச்சேன், சொல்லிடு.

"சொல்ல மாட்டேன்," என்றாள். "அன்னிக்குக் கேட்டதத்தான் இன்னிக்கும் கேக்குறேன். நீங்க சொல்லுங்க."

மீராசா வாயைத் திறந்தார். உம்மாவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அந்த ஊரில் மூத்த பெண்ணுக்கு வாப்பாவின் உம்மா பெயரைத்தான் வைப்பார்கள், ஆயிரம் பேர் சொல்லக்கூடிய பதில். அதை விழுங்கினார். தந்தி கிடைத்த அன்றைக்குத் தம்மாமில் தபாலாபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, ஏமன் நாட்டுக்காரன் ஒருத்தன் ரோட்டுப் பக்கம் ஓடிய தன் சின்ன மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், அந்தக் குழந்தை திரும்பியது, ஏன் என்று தெரியாமல் மீராசாவும் திரும்பினார். அந்தப் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு அறைவரை நடந்தார். அதை அவர் ஒருத்தரிடமும் சொன்னதில்லை, பேசிய கேசட்டிலும் சொன்னதில்லை, அது துக்கம் என்றுகூட அவருக்கு அப்போது தெரியாது.

"ரைஹானா," என்றார்.

செய்னம்பு கையிலிருந்த மருதாணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரம் காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது.

"அதுதான்," என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கக் குனிந்தார். அவள் எழுந்து கைகழுவப் போய்விட்டாள்.

மறுபக்கங்கள் கொஞ்ச நாளில் ஓய்ந்தன. ஊருக்கு டெலிபோன் பூத் வந்தது, அப்புறம் கைபேசி வந்தது, சபரில் இருக்கிறவர் குரல் உடனுக்குடன் பைக்குள்ளேயே பேசியது, அதற்கு ஒரு பக்கம்தான், திருப்பிப் போட ஒன்றுமில்லை. தாஹா கேசட்கடையை மூடிவிட்டு அதே இடத்தில் ரீசார்ஜ் போட்டான். மீராசா திரும்பச் சபர் போகவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் மையவாடிக்குப் போய் அந்தச் சின்ன மண்மேட்டுக்கு அருகில் நின்று, பெயர் சொல்லி சலாம் சொன்னார். ஆனால் சந்தேகம் அவரை விட்டுவிடுமா? அவள் நிஜமாகத்தான் அதுதான் என்றாளா, இல்லை அவர் அழுததைப் பார்த்து இரங்கி அப்படிச் சொன்னாளா என்று நினைத்து நினைத்து முடி நரைத்தது. மாமியிடம் சுற்றி வளைத்துக் கேட்டார், புள்ளையப் புள்ளன்னுதானே சொல்லுவோம் என்று மாமி சொல்லிவிட்டார். சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆளை அவர் தன் கையாலேயே ஐஸ்வண்டி மணிக்கடியில் போட்டு மூடியிருந்தார். கிழவரான பிறகும், மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போதோ கடற்பாசி பிரித்துக்கொண்டிருக்கும்போதோ, அவள் அசந்திருக்கிற நேரம் பார்த்து, செய்னம்பு, அந்த மறுபக்கத்துல நான் சொன்ன பேரு என்ன என்று ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்பார்.

"ரைஹானா," என்பாள் அவள், தலை நிமிராமல், கொஞ்சமும் யோசிக்காமல். அவ்வளவு சீக்கிரமாக அவள் சொல்வதுதான் அவருக்குச் சந்தேகமாக இருக்கும்.